கலப்புமுறைக் கல்வியும் கட்டணப் பட்டியலும்: மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் போதுமா?

ஜூன் மாதம் பிறந்ததும் வங்கிக் கிளைகளில் கல்விக்கடன் விண்ணப்பங்கள் குவியத் தொடங்கும். பெற்றோர் கொண்டுவரும் ஆவணங்களுள் முதன்மையானது, கல்லூரியோ பல்கலைக்கழகமோ வழங்கிய கட்டணப் பட்டியல். பெரும்பாலோரின் பார்வை அதன் கடைசி வரியில் உள்ள மொத்தத் தொகையில் போய் நிற்கும். “இவ்வளவு தொகைக்குக் கடன் கிடைக்குமா?” என்பதே முதல் கேள்வி. அண்மை ஆண்டுகளில் அதனுடன் இன்னொரு கேள்வியும் சேர்ந்து வருகிறது: “பாதி வகுப்புகளை வீட்டிலிருந்தே கணினியில் படிக்கிறான்; பிறகு எதற்கு முழுக் கட்டணம்?”

இரண்டு கேள்விகளும் நியாயமானவை. இரண்டுக்குமான விடை மொத்தத் தொகையில் இல்லை. அதற்கு மேலே உள்ள வரிகளில் இருக்கிறது. கட்டணம் என்பது ஒரே பொருளின் விலை அன்று. பல்வேறு சேவைகளுக்கான தொகைகளின் கூட்டு. வகுப்பு நடைபெறும் இடம் மாறும்போது அவற்றுள் சில குறையும், சில குறையா, சில புதிதாகச் சேரும். எந்த வரி எப்படி நடந்துகொள்ளும் என்று அறிந்த குடும்பம் தேவைக்கு மிகாமல் கடன் பெறும். அறியாத குடும்பம் பயன்படுத்தாத வசதிக்கும் பல ஆண்டுகள் வட்டி செலுத்தும். ஆகவே அந்தப் பட்டியலைப் படிக்கும் முறையை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

கலப்புமுறை என்பது எது?

கலப்புமுறைக் கற்றல் என்பது நேரடி வகுப்பும் இணையவழி வகுப்பும் ஒரே பாடத்திட்டத்துக்குள் திட்டமிட்டு இணைக்கப்படுவது. 2020 ஆம் ஆண்டில் பெருந்தொற்றின் காரணமாக எல்லா வகுப்புகளும் திடீரென இணையத்துக்கு மாறியது ஓர் அவசர ஏற்பாடு. அதன் பின்னர், 2021 மே மாதத்தில் பல்கலைக்கழக மானியக் குழு கலப்புமுறைக் கற்பித்தல் குறித்த கருத்துருவை வெளியிட்டது. ஒரு பாடத்தில் 40 விழுக்காடு வரை இணையவழியாகவும், எஞ்சிய 60 விழுக்காட்டை நேரடியாகவும் நடத்தலாம் என்பது அதன் மையமான யோசனை. அதே ஆண்டில், ஸ்வயம் தளத்தின் இணையவழிப் பாடங்கள் மூலம் ஒரு மாணவர் ஈட்டக்கூடிய மதிப்பலகுகளின் உச்சவரம்பும் 20 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். வழக்கமான கல்லூரிப் படிப்பில் சில வகுப்புகள் இணையவழியாக நடப்பது ஒன்று. முழுவதும் இணையவழியாக வழங்கப்படும் பட்டம் வேறொன்று. தொலைநிலைக் கல்வி மூன்றாவது. பின்னவை இரண்டும் 2020 செப்டம்பரில் வெளியான தனி ஒழுங்குமுறைக்கு உட்பட்டவை. அவற்றை நடத்தும் நிறுவனம் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகம் வெளியிடும் பட்டியலில் அந்தப் படிப்புக்கும் அந்த ஆண்டுக்கும் இடம்பெற்றிருக்க வேண்டும். சேரவிருக்கும் படிப்பு இம்மூன்றில் எது என்பதை முதலில் எழுத்துமூலமாக உறுதிசெய்துகொள்ளுங்கள். கட்டணம், கடன், வரிச்சலுகை ஆகிய மூன்றும் இந்த ஒரு விடையைச் சார்ந்தே அமைகின்றன.

பட்டியலில் நான்கு வகை வரிகள்

கட்டணப் பட்டியலில் எத்தனை தலைப்புகள் இருந்தாலும் அவற்றை நான்கு வகைகளாகப் பிரித்துவிடலாம்.

முதல் வகை, கற்பித்தலுக்கான கட்டணம். ஆசிரியர் ஊதியம், பாடத்திட்டம், மதிப்பீடு, நிர்வாகம் ஆகியவற்றின் செலவு இதில் அடங்கும். வகுப்பு திரையில் நடந்தாலும் ஆசிரியர் அதே ஆசிரியர்தான். அவருடைய ஊதியம் மாறுவதில்லை. மின்கட்டணத்திலும் பராமரிப்பிலும் நிறுவனத்துக்குச் சிறிது மிச்சமாகலாம். அதேவேளை காணொளி வகுப்பு மென்பொருள், பதிவு வசதி, சேமிப்பகம், தொழில்நுட்பப் பணியாளர் எனப் புதிய செலவுகள் சேர்கின்றன. ஆகவே கற்பிப்புக் கட்டணம் குறையும் என்று எதிர்பார்த்துத் திட்டமிடுவது பாதுகாப்பானதன்று.

இரண்டாம் வகை, பயன்படுத்தினால் மட்டும் பொருள் தரும் கட்டணங்கள். விடுதி அறை, உணவு, கல்லூரிப் பேருந்து ஆகியவை இவ்வகையின. ஆய்வகம், நூலகம், விளையாட்டு ஆகியவை ஓரளவுக்கு மட்டுமே இவ்வகையில் சேரும். நூலகம் மூடியிருந்தாலும் மின்னிதழ்களுக்கான சந்தாவை நிறுவனம் செலுத்தியாக வேண்டும். ஆய்வகத்தில் மாணவர் வாரம் ஒருநாள் வந்தாலும் கருவிகளைப் பராமரித்தாக வேண்டும்.

மூன்றாம் வகை, ஒருமுறைக் கட்டணங்கள். சேர்க்கை, பதிவு, தகுதிச் சரிபார்ப்பு, அடையாள அட்டை போன்றவை. கற்றல் முறைக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. முதலாண்டுப் பட்டியலில் இருக்கும் இவை அடுத்த ஆண்டுப் பட்டியலிலும் தோன்றினால் காரணம் கேளுங்கள்.

நான்காம் வகை, திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை. காப்புத்தொகை, நூலக டெபாசிட், விடுதி டெபாசிட் என்ற பெயர்களில் வரும். இது செலவன்று, நிறுவனத்திடம் இருக்கும் உங்கள் பணம். இதற்கு மட்டும் தனி ரசீது பெற்றுப் படிப்பு முடியும்வரை பாதுகாத்து வையுங்கள். படிப்பு முடிந்தும் டெபாசிட்டைக் கேட்டு வாங்க மறப்போர் பலர் என்பதைக் கிளைகளில் பார்த்து வருகிறோம்.

நீதிமன்றம் காட்டிய வழி

பயன்படுத்தாத வசதிக்குக் கட்டணம் செலுத்த வேண்டுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றதுண்டு. ராஜஸ்தான் மாநிலத் தனியார் பள்ளிகள் தொடர்பான வழக்கில் 2021 மே 3 ஆம் நாள் தீர்ப்பு வெளியானது. 2019-20 ஆம் கல்வியாண்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்தில், மாணவர்கள் பயன்படுத்தாத வசதிகளுக்கு ஈடாக 15 விழுக்காட்டைக் கழித்து, எஞ்சியதை 2020-21 ஆம் ஆண்டுக்கு வசூலிக்கலாம் என்றும், அதனை ஆறு மாதத் தவணைகளாகப் பெற வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. கட்டண நிலுவையைக் காரணம் காட்டி மாணவரை வகுப்பிலிருந்து விலக்கக் கூடாது என்றும் பணித்தது.

அந்தத் தீர்ப்பு ஒரு மாநிலத்தின் பள்ளிகளுக்கும் ஓர் அசாதாரணமான ஆண்டுக்கும் உரியது. இன்று ஒரு பல்கலைக்கழகத்திடம் சென்று அதைக் காட்டி 15 விழுக்காடு தள்ளுபடி கோர இயலாது. ஆயினும் அதிலுள்ள தர்க்கம் நமக்கு உதவும். இணையவழி வகுப்பு என்பதற்காக முழுக் கட்டணமும் தேவையற்றதாகிவிடவில்லை. நிறுவனத்துக்கு மிச்சமான செலவு எதுவோ அந்த அளவுக்கே குறைப்பு. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நாம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே: எந்த வசதி உண்மையில் தரப்படவில்லை?

விழுக்காட்டைவிட நாட்காட்டி முக்கியம்

“எங்கள் படிப்பில் 40 விழுக்காடு இணையவழி” என்று ஒரு கல்லூரி சொன்னால், குடும்பச் செலவு 40 விழுக்காடு குறையும் என்று கொள்ளலாகாது. அந்த 40 விழுக்காடு ஆண்டில் எப்படிப் பகிரப்பட்டுள்ளது என்பதே செலவை முடிவு செய்கிறது.

வாரத்தில் மூன்று நாள் நேரடி வகுப்பு, இரண்டு நாள் இணையவழி என்று அமைந்தால், வெளியூர் மாணவருக்கு விடுதி ஆண்டு முழுவதும் தேவை. அறை வாடகையில் ஒரு ரூபாயும் மிச்சமில்லை. அத்துடன் மடிக்கணினியும் இணைய இணைப்பும் கூடுதல் செலவாகச் சேர்கின்றன. உள்ளூர் மாணவருக்கோ பேருந்துச் செலவு குறையும். மாறாக, ஒரு பருவம் முழுவதும் நேரடி வகுப்பு, அடுத்த பருவம் பெரும்பாலும் இணையவழி என்று அமைந்தால், இரண்டாம் பருவத்தில் விடுதியும் உணவும் தேவைப்படாமல் போகலாம். விழுக்காடு ஏறத்தாழ ஒன்றே. குடும்பத்தின் செலவு முற்றிலும் வேறு.

எனவே சேர்க்கைக்கு முன் கல்லூரியிடம் கல்வி நாட்காட்டியைக் கேளுங்கள். நேரடி வகுப்புகள் எந்தெந்த மாதங்களில், ஆய்வகப் பயிற்சி எப்போது, தேர்வு எங்கே என்பன தெரிந்தால்தான் விடுதியை ஆண்டு அடிப்படையில் எடுப்பதா, பருவ அடிப்படையில் எடுப்பதா என்று முடிவு செய்ய இயலும். சில விடுதிகள் ஆண்டுக் கட்டணம் மட்டுமே ஏற்கும். அவ்வாறாயின், அந்த விதியும் பணம் செலுத்துவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

நான்காண்டுப் படிப்பு ஒன்றின் முதலாண்டுப் பட்டியல் பின்வருமாறு இருப்பதாகக் கொள்வோம். இத்தொகைகள் விளக்கத்துக்காக நாங்கள் அமைத்தவை.

கற்பிப்புக் கட்டணம்: ரூ.90,000
தேர்வுக் கட்டணம்: ரூ.6,000
ஆய்வகமும் கணினிக்கூடமும்: ரூ.8,000
நூலகம்: ரூ.3,000
சேர்க்கையும் பதிவும்: ரூ.8,000
விடுதி அறை: ரூ.36,000
விடுதி உணவு: ரூ.44,000
காப்புத்தொகை: ரூ.10,000
மொத்தம்: ரூ.2,05,000

இரண்டாம் பருவம் பெரும்பாலும் இணையவழி என்பதால் மாணவர் வீட்டிலிருந்தே படிக்கிறார் என்போம். விடுதிக்கும் உணவுக்குமான ரூ.80,000-இல் பாதி, அதாவது ரூ.40,000 தேவையில்லை. ஆயினும் “அனுமதியான கடன்தானே, எடுத்துவிடுவோம்” என்று அதையும் பெற்றுவிட்டால் என்ன ஆகும்?

வட்டி விகிதம் ஆண்டுக்கு 9 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை விடுப்புக் காலம். இரண்டாம் பருவத் தொடக்கத்தில் பெற்ற தொகை என்பதால் நாலரை ஆண்டுகளுக்குத் தனிவட்டி ரூ.16,200. இது அசலுடன் சேர்ந்து, திருப்பிச் செலுத்தத் தொடங்கும் நாளில் கடன் ரூ.56,200 ஆக நிற்கும். அதனை ஏழாண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ.904, மொத்தம் செலுத்துவது ஏறத்தாழ ரூ.76,000. தங்காத அறைக்கும் உண்ணாத உணவுக்கும் பெற்ற ரூ.40,000, கிட்டத்தட்ட இருமடங்காகத் திரும்பிச் செல்கிறது. அதுவும், வேலைக்குச் சேர்ந்த புதிதில் உங்கள் மகனோ மகளோ தம் சம்பளத்திலிருந்து செலுத்தும் பணம்.

கல்விக்கடனில் வட்டி, அனுமதித்த தொகைக்கன்று, வழங்கிய தொகைக்கே கணக்கிடப்படுகிறது. முழுத் தொகைக்கு அனுமதி பெற்று, பருவந்தோறும் தேவையானதை மட்டும் எடுப்பதில் எந்தத் தடையும் இல்லை. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் புதிய கட்டணக் கோரிக்கையைக் கிளையில் அளித்து, தேவையற்ற வரியை நீக்கித் தொகை வழங்குமாறு எழுதிக் கொடுங்கள்.

கடனுக்குள் எவை அடங்கும்?

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தைத் தழுவியே பெரும்பாலான வங்கிகள் கடன் வழங்குகின்றன. கல்லூரிக் கட்டணம், தேர்வு, நூலகம், ஆய்வகக் கட்டணங்கள், விடுதிச் செலவு, நூல்கள், கருவிகள், சீருடை, படிப்பை முடிக்கத் தேவையான கணினி, செய்முறைத் திட்டம், கல்விச் சுற்றுலா ஆகியவை அதில் அடங்கும். விடுதியில் இடமின்றி வெளியே அறை எடுத்தால் நியாயமான வாடகையும் உணவுச் செலவும் கருதப்படும். காப்புத்தொகை, கட்டட நிதி போன்றவை முழுப் படிப்புக்கான கற்பிப்புக் கட்டணத்தின் 10 விழுக்காட்டுக்கு மிகாமல், நிறுவனத்தின் ரசீதின் பேரில் ஏற்கப்படும்.

கலப்புமுறையில் படிப்போர்க்கு மடிக்கணினி ஆடம்பரமன்று. வகுப்பறையின் ஒரு பகுதி. ஆனால் பல கட்டணப் பட்டியல்களில் அதற்கு வரி இருப்பதில்லை. கல்லூரியிடமிருந்து செலவு மதிப்பீட்டுச் சான்று பெறும்போது, படிப்புக்குக் கணினி தேவை என்பதையும் குறிப்பிடச் சொல்லுங்கள். கடன் விண்ணப்பத்திலேயே அது இடம்பெற்றால் வேலை எளிது. விடுபட்டுப் போனால், பின்னர் அதிக வட்டியில் தனிநபர் கடனோ கடன் அட்டைத் தவணையோ நாட நேரிடும்.

மாதிரித் திட்டப்படி ரூ.4 லட்சம் வரையிலான கடனுக்குக் குடும்பத்தின் பங்குத்தொகை தேவையில்லை. அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 விழுக்காடு. ரூ.7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கோரப்படுவதில்லை. படிப்புக் காலத்திலேயே வட்டியை அவ்வப்போது செலுத்தி வருவோருக்கு 1 விழுக்காடு வட்டிச் சலுகை வழங்கவும் திட்டத்தில் இடமுண்டு. மாதம் சில நூறு ரூபாய் செலுத்த இயன்றால்கூட அது வீணாகாது. வட்டி அசலுடன் சேர்ந்து வளர்வதை அந்த அளவுக்குத் தடுக்கும்.

2024 நவம்பர் 6 ஆம் நாள் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தையும் கவனத்தில் கொள்ளுங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்தரக் கல்வி நிறுவனங்களில், தொடக்கத்தில் 860 நிறுவனங்களில், சேரும் மாணவர்க்குப் பிணையாளரும் அடமானமும் இன்றிக் கடன் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.8 லட்சம் வரை உள்ள தகுதியுடைய மாணவர்க்கு, ரூ.10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை விடுப்புக் காலத்தில் 3 விழுக்காடு வட்டி மானியம் உண்டு. ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சம் வரை உள்ள குடும்பங்களில் தொழிற்கல்வி, தொழில்நுட்பக் கல்வி பயில்வோருக்கு, விடுப்புக் கால வட்டி முழுவதையும் அரசே ஏற்கும் திட்டமும் உள்ளது. இச்சலுகைகள் எல்லாப் படிப்புகளுக்கும் எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்துவனவல்ல. படிப்பின் பெயர், நிறுவனம், கற்றல் முறை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு கிளைக்கு வந்தால் சரிபார்த்துச் சொல்வது எளிதாகும்.

இணையப் பாடங்களுக்குத் தனிக் கட்டணமா?

2017 ஜூலையில் தொடங்கப்பட்ட ஸ்வயம் தளத்தில் பாடங்களைப் படிப்பது இலவசம். சான்றிதழ் வேண்டுவோர், கண்காணிப்புடன் நடக்கும் தேர்வுக்கு மட்டும் தனிக் கட்டணம் செலுத்த வேண்டும். உங்கள் கல்லூரி இப்பாடங்களை மதிப்பலகுக் கணக்கில் சேர்க்கும்போது, அத்தேர்வுக் கட்டணத்தைக் கல்லூரி ஏற்கிறதா, மாணவர் செலுத்த வேண்டுமா என்று கேட்டறியுங்கள். தொகை சிறிதே; ஆயினும் பருவத்துக்கு இரண்டு மூன்று பாடங்கள் எனில் அது கணக்கில் வர வேண்டும்.

இதிலிருந்து வேறுபட்ட கட்டண முறையும் நம் நாட்டில் உண்டு. 2020 இல் ஐஐடி மெட்ராஸ் தொடங்கிய தரவு அறிவியல் இணையவழிப் படிப்பில், பாடங்கள் இணையத்தில். தேர்வுகள் நேரடி மையங்களில். மாணவர் ஒரு பருவத்தில் எத்தனை பாடங்களைப் பதிவு செய்கிறாரோ அவற்றுக்கு மட்டும் கட்டணம் செலுத்துகிறார். வேலை பார்த்துக்கொண்டே படிப்போர்க்கு இது வசதி. ஆனால் ஒரு பாடத்தை மீண்டும் படிக்க நேர்ந்தால் செலவு கூடும். ஆண்டுக் கட்டணம், பாடவாரிக் கட்டணம் ஆகிய இரண்டையும் ஒப்பிடுவோர், படிப்பு முடியும்வரை ஆகும் மொத்தச் செலவை வைத்தே ஒப்பிட வேண்டும்.

கல்லூரியுடன் இணைந்து தனியார் நிறுவனங்கள் வழங்கும் கூடுதல் சான்றிதழ்ப் படிப்புகள் பட்டியலில் இருந்தால், அவை பட்டத்துக்குக் கட்டாயமா, விருப்பமா என்று கேளுங்கள். சட்டம் ஏற்ற பட்டத்துக்காக ஒரு கல்வி நிறுவனம் தன் மாணவர்க்கு வழங்கும் கல்விக்குச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை. ரசீதில் 18 விழுக்காடு வரி காணப்பட்டால், அது பெரும்பாலும் பட்டத்துக்கு வெளியே உள்ள சேவையாக இருக்கும்.

ரசீது பிரிந்திருந்தால் வரியில் பயன்

வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்த பெற்றோர், 80சி என்று நன்கறியப்பட்ட கழிவின்கீழ், இரு பிள்ளைகள் வரையிலான கற்பிப்புக் கட்டணத்தைக் காட்டலாம். பிற சேமிப்புகளுடன் சேர்த்து உச்சவரம்பு ரூ.1.5 லட்சம். இந்தியாவில் உள்ள நிறுவனத்தில் முழுநேரப் படிப்பாக இருக்க வேண்டும். வளர்ச்சிக் கட்டணம், நன்கொடை, விடுதி, பேருந்து ஆகியவை இதில் சேரா. “கல்லூரிக் கட்டணம் ரூ.2,05,000” என்று ஒற்றை வரியில் ரசீது தந்தால், அதில் எவ்வளவு கற்பிப்புக் கட்டணம் என்று நிறுவ இயலாது. தலைப்புவாரியாகப் பிரித்த ரசீதையே கேட்டுப் பெறுங்கள்.

கல்விக்கடன் வட்டிக்கு, 80இ என்று அறியப்பட்ட கழிவும் பழைய முறையில் உண்டு. வட்டி செலுத்தத் தொடங்கிய ஆண்டு முதல் எட்டாண்டுகள் வரை இதைப் பெறலாம், தொகைக்கு உச்சவரம்பில்லை. இதற்கான வட்டிச் சான்றிதழைக் கிளையிலோ இணைய வங்கிச் சேவையிலோ பெற்றுக்கொள்ளலாம்.

படிப்பை விட்டு விலகினால்?

நேரடி வகுப்பை எதிர்பார்த்துச் சேர்ந்து, இணையவழி மிகுந்திருப்பது கண்டு வேறு கல்லூரிக்கு மாறுவோர் உண்டு. அவர்கள் அறிய வேண்டியது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அக்டோபர் அறிவிக்கை. சேர்க்கைக்கென முறையாக அறிவித்த கடைசி நாளுக்கு 15 நாட்களோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். நடைமுறைச் செலவாகக் கட்டணத்தில் 5 விழுக்காடு, அதிகபட்சம் ரூ.5,000 பிடிக்கலாம். 15 நாட்களுக்கும் குறைவாக இருக்கையில் விலகினால் 90 விழுக்காடு. கடைசி நாளுக்குப் பின் 15 நாட்களுக்குள் எனில் 80 விழுக்காடு, 16 முதல் 30 நாட்களுக்குள் எனில் 50 விழுக்காடு, அதன்பின் ஏதுமில்லை. காப்புத்தொகை இக்கணக்கில் சேராது. அது முழுமையாகத் திரும்ப வேண்டும்.

சில ஆண்டுகளில் குழு இதைவிடத் தாராளமான தனி ஆணைகளும் வெளியிடுகிறது. 2024-25 ஆம் கல்வியாண்டில் செப்டம்பர் 30 வரை விலகியோர்க்கு முழுத் தொகையும், அக்டோபர் 31 வரை விலகியோர்க்கு ரூ.1,000-க்கு மிகாத பிடித்தத்துடனும் திருப்பித் தரப் பணிக்கப்பட்டது. அந்தந்த ஆண்டுக்குரிய அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அதே 2018 அறிவிக்கையில் இன்னும் இரண்டு பாதுகாப்புகள் உள்ளன. ஒரு பருவத்துக்கோ ஓர் ஆண்டுக்கோ உரிய கட்டணத்தை மட்டுமே முன்கூட்டி வசூலிக்கலாம். முழுப் படிப்புக்கும் ஒரே நேரத்தில் கேட்கக் கூடாது. மாணவரின் மூலச் சான்றிதழ்களை நிறுவனம் பிடித்து வைக்கக் கூடாது.

கடன் மூலம் செலுத்திய கட்டணம் திரும்ப வரும்போது, அது கடன் கணக்கிலேயே சேர வேண்டும் என்பதையும் நினைவூட்டுகிறோம். அவ்வாறு சேர்ந்தால் அன்று முதல் அந்தத் தொகைக்கு வட்டி ஓடாது.

முறையிட வேண்டுமானால்

2023 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறையின்படி, சேர்க்கை தொடங்குவதற்குக் குறைந்தது 60 நாட்களுக்கு முன்னரே ஒவ்வொரு நிறுவனமும் தகவல் கையேட்டைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். கட்டணத்தின் ஒவ்வொரு கூறும், டெபாசிட்டும் அதில் தனித்தனியே இருக்க வேண்டும். அறிவித்ததற்கு மேல் பணம் கேட்பது குறைதீர்ப்புக்கு உரிய புகார். முதலில் நிறுவனத்தின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் எழுத்துமூலம் அளிக்கலாம். அக்குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. முடிவு நிறைவளிக்காவிட்டால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். சேர்க்கையின்போது தகவல் கையேட்டின் ஒரு நகலை எடுத்து வைத்திருப்போருக்கு அப்போது அதுவே வலுவான சான்று.

பணம் செலுத்துவதற்கு முன்

கீழ்க்கண்ட கேள்விகளுக்கு விடை கிடைத்த பின்னரே முதல் தொகையைச் செலுத்துங்கள்:

1. இது நேரடிப் படிப்பா, இணையவழிப் பட்டமா, தொலைநிலைக் கல்வியா?
2. இணையவழி வகுப்புகள் வார அடிப்படையிலா, பருவ அடிப்படையிலா?
3. விடுதியும் உணவும் பருவவாரியாகக் கிடைக்குமா? தங்காத மாதங்களுக்கு உணவுக் கட்டணம் கழிக்கப்படுமா?
4. ஒருமுறைக் கட்டணங்கள் எவை? டெபாசிட் எவ்வளவு, எப்போது திரும்பும்?
5. இணையப் பாடத் தேர்வுக் கட்டணமும் கணினியும் யார் பொறுப்பு?
6. ரசீது தலைப்புவாரியாகத் தரப்படுமா?
7. விலகினால் திரும்பக் கிடைக்கும் தொகை எவ்வளவு?

இவ்விடைகளுடன் கட்டணப் பட்டியலையும் கல்வி நாட்காட்டியையும் எடுத்துக்கொண்டு உங்கள் கிளையின் கல்விக்கடன் அலுவலரைச் சந்தியுங்கள். முழுப் படிப்புக்கும் எவ்வளவு அனுமதி தேவை, இந்தப் பருவத்துக்கு எவ்வளவு எடுத்தால் போதும் என்று உடன் அமர்ந்து கணக்கிட்டுத் தருவோம். தகுதியுள்ள மாணவர் எவரும் பணமின்மையால் படிப்பை இழக்கக் கூடாது என்பதற்காகவே கல்விக்கடன் வழங்கப்படுகிறது. அந்தக் கடன், அவர் உண்மையில் பெற்ற கல்விக்குரியதாக மட்டும் இருக்கட்டும்.